ஒரு கட்டத்தில் இரண்டு நம்பர்

— அதை எதுக்கு இப்போ தோண்டுறே, தம்பி? உங்க அண்ணன் போய் முப்பது நாளாச்சு.

— நீங்க வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அதைத்தானே சொல்றீங்க, அண்ணி. 'கிட்னி கெடச்சிருக்கு, உடனே வாங்கன்னு ஆஸ்பத்திரிலேருந்து மெசேஜ் வந்துச்சு, நான்தான் பாக்காம விட்டுட்டேன்'னு.

— ஆமா. விட்டுட்டேன். அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க.

— மெசேஜே வரல. உக்காருங்க, சொல்றேன்.

— உக்காந்துதானேப்பா இருக்கேன்.

— வந்து... அதை ஆளுங்க யாரும் அனுப்புறதில்ல. காத்திருக்கிறவங்க பட்டியலை ஒரு ப்ரோகிராம் எடுக்கும். நம்பர்ல இருக்கிற கோடு, புள்ளி, இடைவெளி எல்லாத்தையும் நீக்கி, ஒரே மாதிரி ஆக்கி, தானா அனுப்பும். ஃபாரத்துல நம்பருக்கு ஒரு கட்டம்தான். நீங்க ரெண்டு எழுதியிருந்தீங்க.

— அவர் நம்பரும் என் நம்பரும். நடுவுல கோடு போட்டேன். ஒண்ணு அடிக்கலைன்னா இன்னொண்ணு அடிக்கட்டுமேன்னு.

— அந்தக் கோடு போயிடுச்சு, அண்ணி. ரெண்டும் ஒட்டிக்கிச்சு. இருபது இலக்கம். அப்படியொரு நம்பர் உலகத்துலயே கெடயாது. ப்ரோகிராம் அதை ஓரமாத் தள்ளிட்டு, 'அனுப்பியாச்சு'ன்னு குறிச்சுக்கிச்சு.

— சரி, நான் எழுதினதுதானே தப்பு? விடு.

— நீங்க எழுதினதுல தப்பில்ல. நான் எழுதினதுல. அந்த ப்ரோகிராம் நான் எழுதினது. தப்பான நம்பர் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லணும். அதை அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போட்டேன். நேத்துதான் சந்தேகம் வந்து தேடினேன். தள்ளிவிட்டதுல மூணாவது பேரு... அண்ணன் பேரு.

— அழாதே. தண்ணி குடி.

— திட்டுங்க அண்ணி. அடிங்க. இப்படிச் சும்மா பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

— பழி என் மேலன்னு சொல்லிக்கிட்டே இருந்தா நீ தேட மாட்டேன்னு நெனச்சேன்.

— என்ன சொல்றீங்க?

— கிட்னி அடுத்த ஆளுக்குப் போயிடுச்சுன்னு தெரிஞ்சு நாங்க போய்க் கேட்டப்போ, 'அனுப்பியாச்சு'ன்னு போட்டிருந்த காகிதத்தை நர்ஸம்மா காட்டினாங்க. ரெண்டு நம்பரும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. உனக்கு அந்த வேலை கெடச்சப்போ, 'ஆஸ்பத்திரி மெசேஜெல்லாம் இனிமே என் தம்பி கையில'ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவராச்சே. அவருக்கா புரியாது?

— அண்ணனுக்குத் தெரியுமா?

— உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கினார்ப்பா. அதுக்கப்புறமும் பதினோரு நாள், உன் தோளைப் புடிச்சுக்கிட்டுத்தானே நடந்தார்.