இரண்டு தாய்க்கும் இடம் பண்ணுங்கள்

அவைத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் அவர்களே, மார்ஷல் தீவுகளின் கடலை மனத்தில் சுமந்து இந்த ஸ்பிரிங்டேல் நகருக்கு வந்த பெரியோர்களே, கோழியிறைச்சி ஆலையில் வேலை முடித்துக் களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே, பல்கலைக்கழக விருந்தினர்களே, யோக்வே, வணக்கம்! சென்ற மாதம் இதே மண்டபத்தில் நடந்ததை உள்ளது உள்ளபடியே பதிவு செய்யப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

சர்க்கரை நோய் தாயிடமிருந்து மகளுக்கு எப்படி வருகிறது என்று பல்கலைக்கழகத்தார் நடத்தும் ஓர் ஆய்வு. அந்நோய் எட்டிப் பார்க்காத வீடு நம்மில் உண்டா? அத்தகைய ஆய்வுகளில் நம்மவர் பெயர்தான் உண்டா? அதனால் செவிலியர் மெரிடித், மருத்துவமனைப் பதிவுகளில் தேடி, நோயுள்ள தாய்மாரையும் அவர்தம் மகள்களையும் அழைத்தார். முதல் அழைப்பு என் அம்மா நெய்ஜோனுக்கும் எனக்கும். தாய், மகள் என்றே பதிவில் இருந்தது.

"இவளச் சுமந்தப்போ உங்களுக்குச் சர்க்கரை இருந்துச்சா?" என்று கேட்டார் செவிலியர்.

என்னைப் பெற்றவுடன் தன் அக்காவான என் அம்மாவின் கையில் கொடுத்தவர் லிமியெட்டா சின்னம்மா. அன்று பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். வளர்த்தவளைப் பார்த்து "நீ பெத்தியா?" என்று கேட்பது நம்மிடையே எவ்வளவு பெரிய அவமதிப்பு! "ஆமா" என்று அம்மா சொன்னால், நமக்கு அது பொய்யில்லை, ஆய்வுக்குப் பொய். நம் மகள்களின் நோய்க்குத் தவறான விடை வரும். "இல்லை" என்றாலோ, ஊர் முன்னால் தன் தாய்மையைத் தானே மறுத்ததாகும்.

"கெளம்பு நெய்ஜோன்! இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார் ஜோர்பி மாமா. இப்போது சிரிக்கிறீர்களே மாமா, அன்று சிரிக்கவில்லையே!

அம்மா எழுந்தார். "இவளுக்கு அம்மா நாந்தான். அதுல எவளுக்கும் பங்கில்ல. வயித்துல சுமந்தது என் தங்கச்சி. ரெண்டையும் எழுதிக்கம்மா."

"பதிவுல ஒரு அம்மாவுக்குத்தான் இடம் இருக்கு."

"அப்ப இன்னொரு இடம் பண்ணு. நாங்க வீட்டுல பண்ணலையா?"

சின்னம்மா சட்டைக் கையைச் சுருட்டினார். "எனக்கு அப்பவே சர்க்கரை இருந்துச்சு. ஊசியக் கொண்டா."

என்னைச் சுமந்ததை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

செவிலியர் இடம் சேர்த்தார். "எங்க வீட்டுலயும் ரெண்டு அம்மா, எழுதிக்கோ!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. நாற்காலிகள் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்தன.

விருந்தினர்களே! பதிவுகளில் எங்களைத் தேடினீர்கள். பெயர் கிடைத்தது, உறவு கிடைத்ததா? முகவரி கிடைத்தது, வீடு கிடைத்ததா? ஆய்வுக்கு ஆள் வேண்டுமா? கேளுங்கள், எங்களையே கேளுங்கள்! கேட்ட பின் இடம் பண்ணுங்கள்!

என் ரத்தப் பரிசோதனை முடிவு அடுத்த வாரம் வருகிறது. பயமில்லை என்றால் அது பொய்ப் பதிவு. கேட்கப் போகும்போது ஒவ்வொரு புறமும் ஓர் அம்மா இருப்பார்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, யோக்வே. நேரமாகிவிட்டதென்று மண்டபக் காவலர் விளக்குகளை அணைத்துவிட்டார். அதையும் பதிவு செய்கிறேன்.