படுக்கையறைத் தகட்டின் நான்காவது கட்டம்

சுவரில் ஜெக் எனப்படும் கம்பி செருகும் துளைகளைப் பொருத்துபவர் மட்டம் பார்த்த பின்னரே துளையிட வேண்டும் என்பது எனது கொள்கையாகும். ஒரு நூல் சரிந்தாலும் வீட்டின் அழகு கெடும். மரண விசாரணை அதிகாரி ஐயா அவர்களே, நல்லரத்தினத்தின் வீட்டிற்குத் தாங்கள் வந்தபோது அங்கிருந்த ஜெக் தகடுகள் யாவும் நேராக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அவற்றைப் பொருத்தியவன் நானே. என் பெயர் தெய்வமணி, வயது ஐம்பத்து நான்கு. இதனை எவருடைய உதவியுமின்றி எனது கையாலேயே எழுதுகின்றேன்.

ஒரு தகட்டில் ஆறு கட்டங்கள் இருக்கும். தொலைக்காட்சி, இணையம், ஒலிபெருக்கி என ஒவ்வொன்றுக்கும் உரிய ஜெக்கைக் கட்டத்தில் வைத்து அழுத்தினால் அது அமர்ந்துவிடும். வேண்டாவிடின் அதை மட்டும் கழற்றி வேறொன்றை அமர்த்தலாம். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அதன் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டுவது செங்கலடி ஊரில் நான் மட்டுமே பின்பற்றும் வழக்கமாகும். சுவருக்குப் பின்னால் எந்தக் கம்பி வருகின்றது என்பதை வீட்டார் பார்ப்பதில்லை. அவர்கள் எழுத்தைப் பார்க்கின்றனர், எழுதியிருப்பதை நம்புகின்றனர்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் நல்லரத்தினம் கட்டட ஒப்பந்தகாரராக இருந்தார். நானும் என் தம்பி நிலோஜனும் அவரிடம் வயரிங் வேலை செய்தோம். தம்பி ஏணியில் நின்று கம்பி முறுக்கிக்கொண்டிருந்த வேளையில், தண்ணீர் மோட்டரை இயக்குவதற்காக நல்லரத்தினம் மெயின் சுவிட்சைப் போட்டார். மேலே ஆளிருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் அவர் ஒரு தாளை நீட்டினார்.

“தம்பிட உடம்பைத் தாறதுக்கான கடிதம் மணி. கைநாட்ட வை, கெதியா வீட்ட கொண்டு போவம்.”

வைத்தேன். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. நாற்பத்தைந்தாவது வயதிலேயே வந்தாறுமூலையில் நடந்த முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். ஒன்பது மாதங்களின் பின்னர், பிஸ்கட் தகரத்தினுள் இருந்த அத்தாளின் பிரதியை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். அதில் உடலைப் பற்றி ஒன்றுமில்லை. என் தம்பி மது அருந்தியிருந்ததாகவும், மெயின் சுவிட்சை நிறுத்த அவனே மறந்ததாகவும், அவனது கவனக்குறைவால் மரணம் நேர்ந்ததாகவும் நானே சாட்சியம் கூறியிருந்தேன். கவனக்குறைவு என்ற சொல்லை வாசித்து முடிக்க எனக்கு நெடுநேரம் சென்றது. என் தம்பி சாராய வாசனையைக்கூடத் தாங்காதவன்.

சென்ற தை மாதம் நல்லரத்தினம் தமது புதிய மாடி வீட்டு வேலைக்கு என்னை அழைத்தார். நான் பெயர்களை எழுதி ஒட்டுவதைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

“இஞ்ச வந்து பாரு. கைநாட்டு மணி இப்ப வாத்தியார் மாதிரி எழுதுறான்.”

அவரது ஒரே மகள் கஜானி தேநீர் கொண்டு வந்தாள். “மாமா, உங்கட எழுத்து அச்சு மாதிரி இருக்கு. நான் எழுதினா கோழி கிளறின மாதிரி. என்ட கலியாணக் கார்டுகளுக்கும் நீங்கதான் பேர் எழுதித் தரவேணும்.”

“ஓம் மகள்” என்றேன். நூற்றிருபது உறைகளில் எழுதிக் கொடுத்தேன்.

பெரிய படுக்கையறைத் தகட்டின் நான்காவது கட்டத்தின் கீழ் ‘தொலைக்காட்சி’ என்று எழுதினேன். அதற்குப் பின்னால் வரவேண்டிய கம்பி வரவில்லை. வரக்கூடாத மின்கம்பி வந்தது. அவ்வறையில் நல்லரத்தினம் உறங்கினார். ஆகவே அது அவருக்கெனச் செய்யப்பட்டது என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே கூறிவந்தேன். ஆயினும் அவ்வறையில் அப்போது தொலைக்காட்சி இருக்கவில்லை. எமது பகுதியில் மகளுக்குத் திருமணமானதும் வீடு அவளுடையதாகும் என்பதும், பெற்றோர் அதற்குப் பின்னாலுள்ள வளவில் ஒரு சிறிய வீட்டிற்கு மாறுவர் என்பதும் யாவரும் அறிந்ததே. மருமகன் தொலைக்காட்சியுடன் வருவான் என்று நல்லரத்தினமே என்னிடம் கூறியிருந்தார்.

திருமணத்தின் ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, தலை முழுகி வந்த கஜானி, புதிய தொலைக்காட்சியின் கம்பியை எடுத்து, எனது எழுத்தை வாசித்து, உரிய கட்டத்தில் செருகினாள்.

வீட்டார் முதலில் என்னைத்தான் அழைத்தனர். தாங்கள் வந்து சேருமுன் அந்த ஜெக்கைக் கழற்றி, கம்பியை உள்ளே தள்ளி, வேறொன்றை அமர்த்த எனக்குச் சில நிமிடங்களே சென்றன. ஈரக்கையுடன் மின்விசிறியின் பழுதான வயரைத் தொட்டிருப்பாள் என்று தங்களிடம் கூறினேன். தாங்கள் அதனை எழுதிக்கொண்டீர்கள். கையொப்பமிடுவதற்கு நல்லரத்தினத்தால் பேனையைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே தாங்கள் மைப்பெட்டியை என்னிடம் நீட்டிவிட்டு வெளியே சென்றீர்கள். அவரது கண்ணாடியும் அகப்படவில்லை.

“என்ன எழுதியிருக்கு, மணி?”

“பிள்ளைட உடம்பைத் தாறதுக்கான கடிதம், முதலாளி.”

அவர் கைநாட்டு வைத்தார்.

அத்தாளில் ஒரு பிழை உள்ளது. அதனைத் திருத்துவதே இக்கடிதத்தின் நோக்கமாகும். கஜானியின் மரணத்திற்குக் காரணம் கவனக்குறைவு என்று அதில் காணப்படுகின்றது. அவள் கவனமாகவே வாசித்தாள். நானும் கவனமாகவே எழுதியிருந்தேன். அவளைக் கொன்றவன் நான். எனினும் அப்பிள்ளை மீது எனக்கு ஒருபோதும் கோபம் இருந்ததில்லை. அவளது திருமண உறைகளில்கூட நான் ஓர் எழுத்துப் பிழையும் விடவில்லை.