பதினோராவது முட்டை

என் குறிப்பேட்டில் உள்ளபடி: செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து, பலாங்கொடையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பஸ். முன் இருக்கையில் பள்ளிச் சீருடையில் அக்காவும் தங்கையும்.

"அக்கா, நாளைக்கு டைனோசர் வெளிய வந்தா கோழிய அம்மான்னு நெனைக்குமா?"

"மெதுவாப் பேசு. அது ஆத்துக் கல்லுன்னுதான் இப்ப எனக்குத் தோணுது."

"நீதானே டைனோசர் முட்டைன்னு அடையில வச்ச?"

"வச்சேன். அம்மா எண்ணுனா பதினொண்ணு இருக்கணுமேன்னு கோழி முட்டை ஒண்ண எடுத்தேன். அத அவிச்சு நீயுந்தானே தின்ன?"

"பாதிதான். நாளைக்கு இருபத்தோராம் நாளு. பத்துக் குஞ்சுதான் வந்தா அம்மா அடிப்பாங்க."

"இடி இடிச்சு ஒண்ணு கூமுட்டையாப் போச்சுன்னு சொல்லுவோம். கல்ல இன்னைக்கே எடுத்துரணும்."

"நான் எடுக்க மாட்டேன். நேத்து தொட்டேன், சுட்டுச்சு."

"கோழி ஒக்காந்தா எதுவுஞ் சுடும்."

அடுத்த வளைவில் அக்கா தங்கையின் பக்கம் குனிந்தாள்.

"ரொம்பவா சுட்டுச்சு?" என்றாள் அக்கா.

இருவரும் இறங்கி லயத்து வீட்டு வரிசைப் பக்கம் ஓடினார்கள். என் அன்றாட வானிலைக் குறிப்புகளின்படி அந்த மூன்று வாரமும் பலாங்கொடையில் இடி இடிக்கவில்லை. மேலே அவர்கள் தோட்டத்தில் இடித்ததா என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.