அன்பளிப்பு, அண்ணன் கஸ்பார்

சரி... அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்க தம்பி, குரல் பின்னாடி வரைக்கும் போகணும். சின்னதா ஒரு கதை சொல்றேன். அழுகை வந்தா அழுதுக்கலாம், தப்பில்லை.

கடலோரமா ஒரு ஊரு. அந்த ஊருக்குன்னு ஒரு சின்ன சமுதாய வானொலி. காத்து எப்படி, மீன் விலை என்ன, யார் வீட்டுல துக்கம்... எல்லாம் அதுலதான் கேட்பாங்க. கருவி பழசாகிப்போச்சு, புதுசு வாங்கக் கையில காசில்லை. என்ன பண்ணாங்க? "வீட்டுல சும்மா கிடக்குற பழைய இசைத்தட்டெல்லாம் குடுங்க, வித்துக்கிடுறோம்"னு கேட்டாங்க. ஜனங்க பரண்ல கிடந்ததையெல்லாம் கொண்டாந்து குவிச்சிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நிலைய வாசல்லயே விற்பனை. அதை நேரடியா ஒலிபரப்பவும் செஞ்சாங்க. ஒவ்வொரு தட்டா எடுத்து, உறையில என்ன எழுதியிருக்கோ மைக்குல படிப்பாங்க, கொஞ்சம் பாட விடுவாங்க, அப்புறம் விலை.

அங்க வந்து நின்னாரு கஸ்பார். வலை யாவாரம் பண்றவரு, மூக்குக்கு மேல கோவம். அவருக்கு ஒரே தங்கச்சி, பிலோமினா. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன்? பிலோமினா மக கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரு விட்டுப்போச்சு! நம்ம ஊருல இது சின்ன விஷயமா? நீங்களே சொல்லுங்க... மாமன் பேரில்லாத பத்திரிகை! அவசரத்துல நடந்த தப்புதான். தங்கச்சி அவரு வாசல்ல வந்து நின்னு அழுதா. "ஊரே படிக்கிற பத்திரிகையில நான் இல்லை. அப்புறம் எதுக்கு இங்க வந்தே?"ன்னு கதவைச் சாத்திட்டாரு. கல்யாணத்துக்கும் போகலை.

அன்னைக்கு அறிவிப்பாளர் பொண்ணு ஸ்டெல்லா ஒரு தட்டை எடுத்தா. மாதா பாட்டு. உறையைப் பார்த்துச் சத்தமாப் படிச்சா: "தங்கை பிலோமினா திருமணத்துக்கு... அன்பளிப்பு, அண்ணன் கஸ்பார்."

கூட்டமே அவரைத் திரும்பிப் பார்த்துச்சு. விறுவிறுன்னு போனாரு, மைக்கைப் பிடுங்கினாரு. "எல்லாரும் கேட்டுக்கிடுங்க! அன்னைக்குப் பத்திரிகையில என் பேரை எடுத்தா. இன்னைக்கு நான் குடுத்த பொருளையும் பழைய சாமானோட தள்ளிட்டா. இனிமே அவ செத்தாலும் நான் எட்டிப் பார்க்க மாட்டேன்!"

சொல்லிட்டாரு... ஊரு பூரா கேட்டுச்சு.

ஸ்டெல்லா சட்டுன்னு மைக்கை வாங்கி அணைச்சா. "பெரியப்பா... என்ன வார்த்தை பேசிட்டீங்க! அத்தை புத்துநோய் வந்து படுத்த படுக்கையாக் கிடக்காங்க. உங்க கோவத்துக்குப் பயந்து யாரும் உங்ககிட்டச் சொல்லலை. அவங்கதான் என்னைக் கூப்பிட்டுவிட்டு இதைக் குடுத்தாங்க. 'தாயி, இது விலை போனாலும் போகாட்டியும் கவலையில்லை. உறையில இருக்குற பேரை மட்டும் மைக்குல சத்தமாப் படிச்சிரு. பத்திரிகையில நான் விட்ட பேரு... ஊரே கேட்கட்டும், எங்க அண்ணனும் கேட்கட்டும்'னு சொன்னாங்க. தலைமாட்டுல ரேடியோவை வச்சுக் கேட்டுக்கிட்டிருக்காங்க, பெரியப்பா!"

ஓடினாரு... செருப்பைக்கூடப் போடாம ஓடினாரு. வாசல்ல தங்கச்சி மக நின்னா. "மாமா, ரேடியோவை அணைக்கச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் வாயே திறக்கலை." உள்ள போனா, பிலோமினா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கா. "பிலோமி... அண்ணன் வந்திருக்கேம்மா. திரும்பிப் பாரும்மா." திரும்பலை. கையைப் பிடிச்சாரு. அவ கையை இழுத்துக்கவும் இல்லை, பிடிச்சுக்கவும் இல்லை. மறுநாள் போய்ச் சேர்ந்துட்டா.

பொறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கிட்டு அண்ணன் போனாரு. யாரும் தடுக்கலை. நல்ல சேலைதான்... யாருக்கு வேணும்?

இப்ப உங்களைக் கேட்கிறேன். கஸ்பார் கெட்டவரா? இல்லைங்க. பாசமில்லாதவனுக்குப் பேரு விட்டுப்போனா வலிக்குமா? அவருக்கு வலிச்சுது. ஆனா, "ஏம்மா இதைக் குடுத்தே?"ன்னு தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. ஊருகிட்டச் சொல்லிட்டாரு! நாம மட்டும் என்ன பண்றோம்? மனசு வலிச்சா முதல்ல செல்போனை எடுத்து ஸ்டேட்டஸ் போடுறோம். ஊரே பார்க்குது. சம்பந்தப்பட்டவங்களும் எங்கேயோ படுத்துக்கிட்டு அதைப் பார்க்குறாங்க...

இந்தக் கதையைக் கேட்கையில உங்க மனசுல ஒரு முகம் வந்திருக்குமே? அவங்ககிட்ட நேராப் போங்க. சண்டை போடணுமா, தாராளமாப் போடுங்க. ஆனா அவங்க முகத்தைப் பார்த்துப் போடுங்க. கூப்பிட்டா அவங்க திரும்பிப் பார்க்குற காலத்துலயே போங்க.