வெள்ளிக்கிழமையும் மீன் எண்ணெயும்

சனிக்கிழமை காலை நோர்பரியில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் காய்கறிப் பைகளோடு இரண்டு பெண்கள்.

"நேற்று மகன் என்னோட சண்டை பிடிச்சவன். எனக்குச் சரியான சந்தோசம்," என்றார் மூத்தவர்.

வீட்டில் எனக்குத் தினமும் கிடைப்பதை இப்படிக் கொண்டாடவும் ஒருவர் இருக்கிறாரே என்று, படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

"சண்டைக்கோ சந்தோசம், அக்கா?" என்றார் இளையவர்.

"பின்ன? ஸ்கிட்சோஃப்ரீனியாவுக்கு மருந்து எடுக்கத் தொடங்கினாப் பிறகு அவனுக்குக் காதில ஆரோ கதைக்கிற குரல் கேக்கிறது நிண்டுட்டுது. ஆனா அவனுக்கு ஒண்டிலயும் விருப்பமில்லை. உப்பில்லாத கறியையும் பேசாமச் சாப்பிட்டிட்டுப் போய்ப் படுப்பான். இப்ப டொக்டர் மருந்தை மாத்தி, மீன் எண்ணெய்க் குளிசையும் குடுத்துப் பாக்கச் சொன்னவர்."

"அதுக்கேன் சண்டை?"

"நேற்று வெள்ளியெல்லே. விரத நாளில மச்சமாமிசம் கூடாதெண்டு மீன் எண்ணெயை மட்டும் எடுத்து ஒளிச்சு வைச்சிட்டன். 'டொக்டர் தந்ததை மறிக்க நீங்கள் ஆரம்மா? என்ர குளிசையைத் தாங்கோ' எண்டு கத்தினான். அவன் ஒண்டை வேணுமெண்டு கேட்டு எத்தினை வருசம்."

"குடுத்தனீங்களோ?"

"குடுத்தனான். ஆனா வாற வெள்ளியும் முதல்ல ஒளிச்சுத்தான் வைப்பன்."