தொட்டியில் பொடிக் குமிழ்கள்

மீன் தொட்டியில் பொடிக் குமிழ்கள் வந்தால் பலரும் காற்று மோட்டாரைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அது காரணமல்ல. வடிகட்டிக்குத் தண்ணீர் போகும் குழாயில் ஓர் இணைப்பு தளர்ந்திருக்கும். அந்த வழியே இழுபடும் காற்று தூள் தூளாகத் தண்ணீரில் கலக்கும். தண்ணீர் எச்சில் போல ஆகிவிடும்.

தைவானில், காவ்சியுங் நகரில் எங்கள் வீட்டுத் தொட்டியும் அப்படித்தான் இருந்தது. அதில் ஒரு சிவப்பு டிராகன் மீன். என் மாமனார் க்வோ பதினொரு வருடமாக வளர்த்தது. தொட்டியை ஒட்டி அவர் கட்டில். கட்டிலருகே ஆக்சிஜன் இயந்திரம். அதில் பொருத்திய தண்ணீர்ப் புட்டி நாள் முழுக்கக் கொப்பளிக்கும். அவர் இருமி, காகிதக் கோப்பையில் நுரையாகத் துப்பி, அதைத் தொட்டி மூடியின் மேல் வைப்பார். மீனுக்கு இரை போடும்போது நான்தான் எடுக்க வேண்டும். சில நாள் விளிம்பின் ஈரம் என் விரலில் படும்.

நான் வேதியியல் படித்தவள். ரப்பர் வளையத்தை மாற்றி இணைப்பை இறுக்கினேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. மறுநாள் மீண்டும் குமிழ்கள். நான்கு முறை இறுக்கினேன். ஐந்தாம் முறைதான் பார்த்தேன்: கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டி அவர் அதைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"தண்ணி செத்த மாதிரி கெடந்தா வீட்டுக்கு ஆகாதும்மா. நல்லாப் பொங்கணும். அப்பத்தான் அதிர்ஷ்டம் தங்கும்."

"மீன் ரத்தத்துல காத்து ஏறிடும்ப்பா."

"பதினோரு வருஷமா வளக்கறேன். நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

முதலில் துடுப்புகளில் குமிழ்கள் கோத்தன. பிறகு வலது கண் பிதுங்கி, அதற்குள் ஒரு குமிழ் அசைந்தது. மூன்றாம் நாள் காலை மீன் மிதந்தது.

யாரும் வருந்தவில்லை. டிராகன் மீன் செத்தால் வளர்த்தவருக்கு வரவிருந்த கெடுதலை அது ஏற்றுக்கொண்டது என்பார்கள் இங்கே.

"என் சாவ அது வாங்கிட்டுப் போயிடுச்சுடா" என்றார் மகனிடம். "இன்னும் பத்து வருஷத்துக்கு என்ன அசைக்க முடியாது."

"அப்ப இன்னைக்கு டாக்டர்கிட்ட போக வேணாமா?" என்றார் என் கணவர் ஜுன்ஷியாங்.

"டாக்டரு எதுக்கு? மீன் கடைக்குப் போ. இதவிடப் பெருசா பாத்து வாங்கிட்டு வா."

சிரித்ததில் நுரை வழிந்து கழுத்துக்கு இறங்கியது. நான் துடைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

கணவர் கிளம்பிப் போனார். மதியக் கஞ்சி குடித்துவிட்டு மாமனார் தூங்கினார். கடைவாயில் ஒரு குமிழ் ஒவ்வொரு மூச்சுக்கும் பெருத்துச் சுருங்கியது. பத்து வருடம் என்று நினைத்தேன். இயந்திரத்தை அணைத்தேன்.

சற்று நேரத்தில் விழித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். இணைப்பைத் தளர்த்திய அதே கை. இயந்திரத்தை ஓரடி தள்ளி வைத்தேன். கை எட்டவில்லை.

புட்டியின் சுவரில் கடைசியாக ஒரு குமிழ் ஒட்டியிருந்தது. விரலால் தட்டினேன். மேலே போய் உடைந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

கொன்றாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவர் சாவைக் காலையிலேயே மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அவரே சொன்னார், என் கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியது குமிழ்களை மட்டும்தான்.