மூலவர் ஆர்?

விண்ணப்பம் பிழையான கந்தோருக்குப் போனால், அதை உரிய கந்தோருக்கு அனுப்பிவைப்பது பெற்ற கந்தோரின் கடமை. விதி அப்படித்தான் சொல்கிறது. கரவெட்டி மினிபஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர், வெள்ளைக்காரர் காலத்து அங்கிலிக்கன் தேவாலயமொன்றின் காரியதரிசி. பக்கத்தில் அவருடைய நண்பர்.

“பழங்காலக் கட்டடம், அனுமதியில்லாமல் தொடேலாது. கோயில் கூரை ஒழுகுது, திருத்த விடுங்கோ எண்டு எழுதினன். சைவக் கோயிலுகளைப் பாக்கிற கந்தோரிலை இருந்து, மூலவர் ஆரெண்டு கேட்டுக் கடிதம் வருது.”

“ஏன் அண்ணை கோயில் எண்டு எழுதினனீங்கள்?”

“நாங்கள் வேறை என்னெண்டு சொல்லுறனாங்கள்?”

“வெள்ளைக்காரத் துரை கட்டினதெண்டு விளக்கி எழுதியிருக்கலாமே.”

“எழுதினன். துரையை உபயகாரர் எண்டு பதிஞ்சுபோட்டு, ஆளின்ரை நட்சத்திரம் கேட்டவங்கள்.”

“பிறகு?”

“சுவாமிக்கு வாகனம் என்னெண்டு கேட்டவங்கள். வேதத்திலை உள்ளபடி, கழுதை எண்டு எழுதிக் குடுத்தன்.”

“உங்கடை மகளின்ரை கலியாணம் உந்தக் கூரைக்குக் கீழையெல்லே?”

“ஓம், வாற புதன். மழையும் துவங்கீட்டுது.”

அடுத்த கிழமையும் அதே பஸ்ஸில் அதே இருவர். கலியாணம் நனைந்தபடி நடந்ததாம். கூரையைத் திருத்தலாம் என்ற அனுமதிக் கடிதம் வந்து சேர்ந்தது வியாழக்கிழமை.